திரிக்க வராத மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் என் சித்திக்கு 'மூணு மில்லி' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஒரு லாரி டிரைவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"மூணு மில்லிக்கே இப்படிப் பேரு வச்சிட்டாங்களே, முழு பாட்டில் அடிக்கிறவங்க கதி என்னங்க?"

சித்தி மண் அப்பிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "மில்லிமீட்டர்ண்ணே. நான் உருட்டறது மண்ண மட்டும்தான். ஆள உருட்டறவங்க பக்கத்து ரூம்ல இருக்காங்க."

பக்கத்து அறை என்பது அலுவலக அறை. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி செய்வது பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டுப் போல இருக்கும். மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கண்ணாடிப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் உருட்ட வேண்டும். உருண்டை நீண்டு நீண்டு திரியாகும். அந்தத் திரி மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் விரிசல் விட்டு உடைய வேண்டும். உடைகிற நேரத்தில் அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வோம். அந்த மண் எவ்வளவு களி, அதைச் சாலைக்கு அடியில் போடுவதென்றால் எத்தனை பங்கு சுண்ணாம்பு கலக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. மற்றவர்கள் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு, திரியைக் கம்பியோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு உருட்டுவார்கள். சித்திக்குக் கம்பி வேண்டாம். எங்கள் கூடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் லேப் சார் என்போம். அவர் ஒருமுறை வேண்டுமென்றே சித்தியின் பத்துத் திரிகளை அளந்து பார்த்தார். பத்தும் மூன்று.

"உன் கைய லேப் சொத்துன்னு பதிவேட்டுல ஏத்திடலாம்போல இருக்கே" என்றார்.

"ஏத்துங்க சார். கையோட சேத்து கைக்குச் சொந்தக்காரியையும் ஏத்திட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருடமாக அவள் தினக்கூலி. தட்டு கழுவுவதற்கென்று வந்தவள். மூன்றாவது மாதமே உருட்ட உட்கார்ந்துவிட்டாள். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள் என்பதால் பதிவேட்டில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் எப்போதும் வேறு யாராவதுதான் கையெழுத்துப் போடுவார்கள். போன வருடம்தான் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு கோப்பு மேலே போயிருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதே கூடத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தபோது என்னை வைத்து சித்தி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். நான் தங்கியிருந்தது அவள் வீட்டில். அங்கே நான் 'அடியே'. கூடத்தின் கேட்டைத் தாண்டியதும் 'மேடம்'. பத்துப் பேர் நிற்கிற இடத்தில், "மேடம், சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டு வந்துட்டீங்க. தலைகூட சரியா வாரல பாருங்க" என்பாள். மரியாதையா நக்கலா என்று கடைசிவரை தெரியாது. வேண்டாம் சித்தி என்று கெஞ்சினேன். "கையெழுத்துப் போடறவங்க மேடம்தான். அதுல சொந்தம் எங்கருந்து வந்துச்சு?" என்றாள்.

நான் போட்ட முதல் கையெழுத்தே தப்பாகப் போனது.

புதிய சாலை சமவெளியை முடித்துக்கொண்டு மலைமேல் ஏறத் தொடங்கிய சமயம். அந்த மலை எந்தக் காலத்திலோ அணைந்துபோன எரிமலை. அங்கே பாறைக்கு மேல் கிடப்பதெல்லாம் எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான மண். அந்த மண் எங்கள் கூடத்துக்கு அதற்குமுன் வந்ததேயில்லை. ஆறு மூட்டை வந்தது. காப்பிக்கொட்டை நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை. ஆனால் அழுத்தினால் விரல் நனைந்தது. சித்தி எப்போதும் செய்கிறபடி அதைத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்துக் காயவிட்டாள். மறுநாள் எடுத்து இடித்தாள், சலித்தாள், தண்ணீர் விட்டுப் பிசைந்தாள், உருட்டினாள். திரி வரவில்லை. உதிர்ந்தது. மறுபடி தண்ணீர் விட்டாள். வழுக்கியது, பிறகும் உதிர்ந்தது.

"மணல் மேடம் இது. திரிக்க வராது."

பதிவேட்டில் நானும் அப்படியே எழுதினேன்: திரிக்க வராது. களித்தன்மை இல்லாத மண்ணுக்குச் சுண்ணாம்பு அதிகம் வேண்டாம். நூற்றுக்கு மூன்று பங்கு போதும் என்று அறிக்கை போயிற்று. 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் என் பெயர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்ணைக் காய வைப்பதற்கு முன்பும் பின்பும் எடை பார்ப்போம். உலர்ந்த மண் நூறு கிராம் என்றால் அதிலிருந்து போன தண்ணீர் தொண்ணூறு கிராம் இருந்தது. சமவெளி மண்ணில் இருபதைத் தாண்டினாலே எனக்கு ஆச்சரியம். மணல் எங்காவது அதன் எடைக்குச் சமமாகத் தண்ணீரைப் பிடித்து வைக்குமா? எனக்கு உறுத்தியது. சித்தியை மறுபடி எடை போடச் சொன்னேன். அதே எண். மழையில் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டேன். சில மண்வகைகளை முழுவதும் உலர்த்தினால் குணம் மாறிவிடும், திரும்ப வராது என்று என் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதன் அடியில் நான் கோடுகூடப் போட்டிருந்தேன், தேர்வுக்கு. அந்த வரியை இந்த மூட்டையோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மலைமேல் முதல் கிலோமீட்டரில் நூற்றுக்கு மூன்று கலந்து ரோலரை ஏற்றினார்கள். நான்காவது சுற்றில் மண் சேறாகக் குழைந்தது. ஆறாவது சுற்றில் ரோலர் புதைந்தது. அதை வெளியே இழுக்கப் போன டிராக்டரும் புதைந்தது.

அறிக்கை சரி, மண் மணல் என்றால் தப்பு எங்கே? சுண்ணாம்பில்தான் என்று முடிவு கட்டினார்கள். சுண்ணாம்பு கலக்கும் குழுவில் பதினான்கு பேர். அவர்களுடைய மேஸ்திரி பாதி மூட்டைகளை வெளியே விற்றுவிட்டார் என்று பேச்சு. குழுவையே நீக்கி, இனி எந்த வேலையும் தரக்கூடாது என்று எழுத வெள்ளிக்கிழமை கூட்டம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். புருவத்திலும் இமையிலும் வெள்ளைப் பொடி. கையில் மூடி போட்ட ஒரு பழைய பெயின்ட் டப்பா.

"யாரும்மா அது, எங்க மண்ண மணல்னு எழுதினது?"

நான் எழுந்திருப்பதற்குள் சித்தி, "நான்தான் உருட்டினேன். என்னா இப்போ?" என்றாள்.

"நீதானா? நாங்க சுண்ணாம்பத் தின்னுட்டோமாம். வெட்டிப் பாருங்க, மருந்து தெளிச்சுப் பாருங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன். தெளிச்சாங்க. சுண்ணாம்பு இருக்கற எடமெல்லாம் ரோஸ் கலர் வருமில்ல? அடிவரைக்கும் ரோஸா வந்துச்சு. அப்புறமும் 'சுண்ணாம்பு இருக்கு, ஆனா எவ்ளோ இருக்குன்னு யாரு கண்டா, கயிறு திரிக்காத'ன்னு சொல்றாங்க. நான் கயிறு திரிக்கிறேனாம்! நீ இதத் திரிச்சுக் காட்டு. இது மணலான்னு சொல்லு."

டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். வெட்டியெடுத்த ஈரத்தோடு ஒரு பெரிய கட்டி கண்ணாடிமேல் விழுந்தது. சித்தி ஒரு பிடி எடுத்துப் பிசைந்தாள். கை சட்டென்று நின்றது. பிறகு உருட்டினாள். திரி மூன்றுக்கு வந்தது. உடையவில்லை. இரண்டுக்கு வந்தது. உடையவில்லை. தையல் நூல் போல இழைந்து பலகையின் ஓரம்வரை போயிற்று.

"எங்கேந்து எடுத்தே மேஸ்திரி? வேற எடத்து மண்ணக் கொண்டாந்து என்கிட்ட வித்தை காட்டறியா?"

"ஏம்மா, அந்த ரோலர் இன்னமும் குழியிலதான் கெடக்கு. வா, கூட்டிட்டுப் போறேன். நீயே தோண்டு."

 சித்தி கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்தாள். மறுபாதியை ஈரத்துணியில் சுற்றி, கிண்ணத்தில் போட்டு மூடினாள். "நாளைக்கு வா" என்றாள். அவள் குரலில் அதுவரை இருந்த சண்டை இல்லை. மேஸ்திரியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை ஒரே கட்டியின் இரண்டு பாதிகளும் இரண்டு மண்ணாக இருந்தன. ஈரப் பாதி நூலாக ஓடியது. ஓவனில் வைத்த பாதி மணலாக உதிர்ந்தது. சித்தி காய்ந்த பாதியில் தண்ணீர் ஊற்றினாள். மூடி வைத்தாள். மதியம் மறுபடி பிசைந்தாள். மணல்தான். போன ஈரத்தைத் திரும்ப ஊற்றலாம். போன குணத்தை ஊற்ற முடியாது. அந்த மண்ணின் துகள்கள் பஞ்சு மாதிரி தண்ணீரை உள்ளே பிடித்து வைத்திருப்பவை. ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பரல் பரலாகிவிடும். நாங்கள் பரிசோதித்தது மலையில் கிடக்கும் மண்ணையே அல்ல. எங்கள் ஓவனில் நாங்களே செய்த மணலை.

அன்று மாலை வீட்டில் சித்தப்பா காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தையற்காரர், முன்னறையில்தான் மெஷின். நடந்ததைக் கேட்டுவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"துணிய நனைச்சுக் காயவச்சுட்டு அளவெடுப்போம். இல்லன்னா தச்சப்புறம் சுருங்கிடும். உங்க மலை மண்ணு அதுக்கு நேர்மாறா இருக்கும் போலிருக்கே. காயாம அளவெடுக்கணுமா?"

"அதேதான்" என்றாள் சித்தி.

"சரி, சட்ட சின்னதாப் போச்சு. துணி குடுத்தவருக்கு யாரு சொல்றது?"

சித்தி என்னைப் பார்த்தாள். "மேடம் என்ன சொல்றீங்க?"

வீட்டுக்குள் அவள் என்னை மேடம் என்றது அது ஒரே தடவைதான்.  உண்மையைச் சொன்னால் என் முதல் அறிக்கை தப்பென்று ஊருக்கே தெரியும். அது போகட்டும், நான் நிரந்தர வேலையில் இருப்பவள். ஒரு மெமோவோடு தப்பித்துவிடுவேன். அவளோ தினக்கூலி. அவளுடைய கோப்பு இன்னும் மேலேயே இருக்கிறது. 'தட்டை ஓவனில் வைத்தவள் யார்' என்று கேட்டால் ஒரு விரல்தான் நீளும், அவளை நோக்கி. நான் சொன்னேன்: "லேப் சாரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம் சித்தி." ஜாக்கிரதையான பதில் என்று அப்போது நினைத்தேன். ஜாக்கிரதைக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியவில்லை.

லேப் சார் கெட்டவர் இல்லை. மறுநாள் காலை நாங்கள் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு, சித்தியிடம் மெதுவாகப் பேசினார்.

"உன் கோப்பு கையெழுத்தாகற நேரம். இப்பப் போயி ஓவன் கீவன்னு எடுக்காத. மூட்ட மாறிப்போச்சு, வேற மண்ண சோதிச்சிட்டோம்னு சொல்லிடலாம். சகஜமா நடக்கறதுதான். புது மூட்ட வரவழைச்சு புது எண்ணு குடுத்துடுவோம். யாருக்கும் சேதாரமில்ல."

"மூட்ட மாறிச்சுன்னா, அத மாத்தினது யாருன்னு கேப்பாங்களே சார்."

"கேட்டா..."

"மலையில மூட்ட கட்டினது மேஸ்திரி ஆளுங்க. அப்ப சுண்ணாம்பும் திருடினாங்க, மூட்டையையும் மாத்தினாங்கன்னு ஆயிடும். பதினாலு பேரு சார். அதுல ரெண்டு பேரு புருஷன் பொஞ்சாதி. அந்த வீட்டுல ஒரே நாள்ல ரெண்டு அடுப்பு அணைஞ்ச மாதிரி."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுது சார். கோவிச்சுக்காதீங்க. பத்தொம்போது வருஷமா மண்ணத்தான் திரிச்சிருக்கேன். கதையத் திரிக்கச் சொன்னா எனக்குக் கை வராது."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, "கூட்டத்துக்கு உன்ன யாரும் கூப்பிடலயே" என்றார்.

"மண்ணக் கூப்பிட்டாங்க இல்ல? அதத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணுமே."

வெள்ளிக்கிழமை. நீள மேசை, குளிரூட்டிய அறை. தலைமைப் பொறியாளர் நடுவில். மேஸ்திரியை உட்காரச் சொல்லாமல் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். அவருடைய குழுவினர் வெளியே வராந்தாவில். லேப் சாருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்களோடும் கண்ணாடிப் பலகையோடும் சித்தி. எங்கள் அறிக்கையை ஒருவர் வாசித்தார். 'திரிக்க வராது' என்ற இடம் வந்ததும் சித்தி முன்னால் வந்து பலகையை மேசைமேல் வைத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"யாரும்மா நீங்க?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அந்த மண்ண உருட்டினவ சார். அது தப்பு. மண்ணு தப்பில்ல, நான் உருட்டினது தப்பு. எப்பவும் வைக்கிற மாதிரி ஓவன்ல வச்சுக் காயவச்சுட்டேன். இந்த மண்ணக் காயவைக்கக் கூடாது. காஞ்சா மணலாயிடுது. எனக்கு அது தெரியல."

"ஓவன்ல வைக்கச் சொன்னது யாரு?"

சித்தி யோசித்தாள். அந்த இடைவெளியில் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"யாரும் சொல்லல சார். எல்லா மண்ணையும் அப்படித்தான் வைப்போம். தட்ட வச்சது என் கை."

"சும்மா சொன்னா எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் சார். உருட்டிப் பாருங்க. ரெண்டும் ஒரே கட்டி. கட்டியக் கொண்டாந்தவரு அதோ நிக்கிறாரு. வேணும்னா உங்க ஆளவிட்டுப் புதுசா வெட்டிட்டு வரச் சொல்லுங்க."

தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை மடித்தார். முதல் கிண்ணத்து மண் அவர் உள்ளங்கைக்குக் கீழே பொடிந்தது. இரண்டாவதில் எடுத்தார். அது நீண்டது. மேலும் நீண்டது. மேசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் உருட்டிய திரி கோணல்மாணலாக, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்து இருந்தது. அவரே சிரித்துவிட்டார்.

"எனக்கு அவ்வளவா வரல."

"மொத நாளுக்கு இது தேவல சார்" என்றாள் சித்தி.

அறை முழுக்கச் சிரிப்பு. சுவரோரம் நின்ற மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் சுண்ணாம்புப் பொடி போயிருக்கலாம்.

"அறிக்கையில கையெழுத்து யாரோடது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

ஒருவர் துணிந்து பேசிவிட்ட பிறகு எழுந்து நிற்பது எளிது என்று சொல்வார்கள். எனக்கு எளிதாக இல்லை. எழுந்தேன். "என்னோடது சார். ஈரம் தொண்ணூறு வந்தப்பவே நான் நிறுத்திக் கேட்டிருக்கணும். கேக்கல" என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

மேஸ்திரியின் குழுமீது நடவடிக்கை இல்லை என்று அங்கேயே எழுதினார்கள். எங்களுக்குப் புதிய பரிசோதனைக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். கூடவே எனக்கும் சித்திக்கும் ஆளுக்கொரு மெமோ. சித்தியின் கோப்பு ஒரு வருடத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. கூடத்துக்கு வந்து மெமோவை இரண்டு தடவை படித்தவள், "என் பேரு அச்சுல வர்றது இதான் மொத தடவ. ஸ்பெல்லிங் சரியா இருக்கு" என்றாள்.

அந்த ஆறு வாரம் நாங்கள் வேலை செய்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. மண் மூடி போட்ட வாளிகளில், வெட்டிய ஈரம் குறையாமல் வந்தது. ஈரத்தை அளக்க மட்டும் ஒரு சிட்டிகையை ஓவனில் வைத்து, அளந்ததும் குப்பையில் கொட்டிவிடுவோம். அந்தச் சிட்டிகையை வேறெதற்கும் தொடக்கூடாது என்று சித்தி சட்டம் போட்டாள். நான் புத்தகத்தை எடுத்து, இந்த முறை தேர்வுக்காக இல்லாமல் படித்தேன். சுண்ணாம்பு நான்கு பங்கு, ஆறு, எட்டு, பத்து என்று கலந்து அச்சுகளில் அடித்தோம். நான்கு குழைந்தது. ஆறு சுமார். எட்டுகூட முதலில் சரியாக வரவில்லை. கலந்தவுடன் இடித்து இறுக்கக்கூடாது, இரண்டு நாள் மூடி வைத்து, சுண்ணாம்பு மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது, கையில் பிசுக்கென்று ஒட்டிய மண், ஒட்டாமல் குருணை குருணையாகக் கிடந்தது. சித்தி ஒரு பிடி அள்ளி விரல் வழியாக உதிரவிட்டாள்.

"இப்போ நெசமாவே திரிக்க வரல" என்றாள்.

நாலு வாரம் கழித்து அந்த அச்சு உருளைகளை நசுக்கும் இயந்திரத்தில் வைத்தோம். அழுத்தத்தைக் காட்டும் முள் நாங்கள் எதிர்பார்த்த இடத்தையும் தாண்டி நகர்ந்துகொண்டே போயிற்று. எரிமலைச் சாம்பலில் ஒரு குணம் இருக்கிறது. மற்ற மண்ணைவிட அது சுண்ணாம்போடு ஆழமாக வினை புரிந்து, நாளாக நாளாகக் கல்லாக இறுகும். ரோலரை விழுங்கிய அதே மண் இது. உருளை உடைந்தபோது நாங்கள் இரண்டு பேருமே துள்ளிவிட்டோம். லேப் சார் முள் நின்ற இடத்தைத் தானே போய்ப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

எட்டுப் பங்கு என்று அறிக்கை போயிற்று. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் பரிசோதனை முறை என்ற தலைப்பில் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதியது அப்படியே இருந்தது. மலைச் சாலையின் மற்றப் பகுதிகளுக்கும் அதுதான் முறை என்று உத்தரவாயிற்று. அதே பதினான்கு பேர் அந்தக் கிலோமீட்டரைத் தோண்டி, மறுபடி கலந்து, மூடி வைத்து, இறுக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்துச் சாலையிலிருந்து மாதிரி எடுக்கப் போனோம். சித்தியையும் அழைத்து வரும்படி தலைமைப் பொறியாளர் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு சாலை வேலையைப் பார்த்ததே இல்லை. மண்தான் மூட்டையில் ஏறி அவளிடம் வரும். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று பார்த்தாள். குதிகாலால் இரண்டு தடவை அழுத்தினாள்.

"என்னம்மா, காலாலயே டெஸ்ட்டா?" என்றார் மேஸ்திரி.

"இத்தன நாளா உள்ளங்கைதானே தொட்டுச்சு."

மாதிரிக்காக ஒரு முழ ஆழம் குழி வேண்டும். குழுவில் வாட்டசாட்டமான ஒருவர் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். கணீரென்று சத்தம் கேட்டது. கடப்பாரை எகிறித் திரும்பி வந்தது. மறுபடி போட்டார். விரல்நுனி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. பத்து நிமிடத்தில் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"எட்டுப் பங்கு போடுன்னு யாரு எழுதினது? கையெல்லாம் கொப்புளம்" என்று கத்தினார்.

"போன தடவ மூணுன்னு எழுதினப்பவும் கத்தினீங்க" என்றாள் சித்தி. "ஒங்களுக்கு என்னதான் எழுதறது?"

"ரெண்டுக்கும் நடுவுல எதாச்சும் எழுதியிருக்கலாமில்ல!"

குழுவின் வேனுக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார்கள். கருங்கல்லைக் கொத்துவதுபோல் கொத்தி, முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்தார்கள். சித்தி அதை இரண்டு கைகளாலும் வாங்கி, நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம்தான் தேய்ந்தது. கட்டியை என்னிடம் தராமல் தானே ஜீப்வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேஸ்திரி வந்து வாங்கப் போனார். "விடு, இது என் மண்ணு" என்றாள்.

"ஏம்மா, கலந்தது நாங்க!"

"சரி, நம்ம மண்ணு. ஆனா நான்தான் தூக்குவேன்."

ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்துக் களக்குறிப்பு எழுதினேன். இடம், தேதி, ஆழம், வானிலை. பிறகு ஒரு வரி: மாதிரி எடுக்கக் கடப்பாரை பயன்படவில்லை, உளி தேவைப்பட்டது.

சித்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து, பேனாவை நீட்டினேன். 'பரிசோதித்தவர்' என்ற இடத்துக்கு எதிரே அவள் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அந்த உளி வரி இருக்கே," என்றாள், "அத ஏன் மேடம் கடைசியில போட்டீங்க? மொதல்ல போடுங்க."

தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதி, பேனாவை மறுபடி அவளிடம் நீட்டினேன்.